நூற்றிருபது நம்பர் தங்கூசி

மீராசா பாய் கடைக்குள் வந்து கால் மணி நேரம் ஆகியும் சேசடிமை வாங்க வந்ததைக் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, ஒரு வரி. தூண்டிலுக்குத் தங்கூசி வேண்டும், நூற்றிருபது நம்பர், நாற்பது பாகம். வீட்டில் மனைவி அமலோற்பவம் சொல்லி அனுப்பியதும் அதுதான், அவளுடைய தம்பி கஸ்பார் சொல்லி அனுப்பியதும் அதுதான். “நல்ல உறுதியானதாப் பாத்து வாங்குங்க, எட்டு மாசம் கழிச்சு நாளைக்குத்தான் தம்பி தூண்டிலுக்குப் போறான்” என்று அவள் சொன்னபோது தோசைக் கல்லில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உறுதியானது. அவள் பாட்டுக்குச் சொல்லிவிட்டாள். சேசடிமை அண்ணாந்து பார்த்தான். உத்தரத்துக்குக் குறுக்கே கட்டிய கம்பியில் நைலான் தங்கூசிச் சுருள்கள் வரிசையாகத் தொங்கின, வெள்ளை, வெளிர்பச்சை, கண்ணுக்கே தெரியாத ஒரு நீலம். மின்விசிறிக் காற்றில் ஒன்றோடொன்று உரசிக்கொண்டன. புது நைலானுக்கு ஒரு வாசனை உண்டு, புதுக் குடையைப் பிரிக்கிறபோது வருமே, அந்த மாதிரி. எட்டு மாதத்துக்கு முன்னால் அது அவனுக்குப் பிடித்த வாசனை. பாய் ஈயக்குண்டுகளைப் பெரிது சிறிதாகப் பிரித்து டப்பாக்களில் போட்டுக்கொண்டிருந்தார், ஒவ்வொன்றும் டொக், டொக் என்றது. வாசல் வழியாகப் பார்த்தால் ஏலக்கூடம். காலை ஏலம் முடிந்து கழுவிவிட்ட சிமெண்டுத் தரை இன்னும் ஈரமாகக் கிடந்தது. அதன் ஓரத்து நிழலில் கஸ்பார் உட்கார்ந்து தூண்டில் முள் கட்டிக்கொண்டிருந்தான். இங்கிருந்து பார்த்தால் அவன் இடது கையில் எத்தனை விரல் என்று தெரியாது.

உறுதி என்று வாய் கூசாமல் சொல்லிவிடுகிறார்கள். கரையில் இருக்கிறவர்களுக்குத் தங்கூசி உறுதியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான், அதற்குமேல் அவர்களுக்குக் கவலையில்லை. பிடிக்கிறவனுக்குத்தான் தெரியும் அதற்கு இரண்டு முனை என்று. ஒரு முனையில் மீன், மறுமுனையில் மனுசன். நடுவில் இருக்கிறது அறாவிட்டால் வேறு ஏதாவது அற வேண்டும். எண்பது நம்பர் என்றால் பெரிய மீன் கொஞ்சம் முரண்டு பிடித்தாலே பட்டென்று போய்விடும். மீன் போகும், முள் போகும், ரெண்டு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு வேறு கட்டலாம். உள்ளங்கையில் ஒரு சிவப்புக் கோடு மிஞ்சும், உப்புத் தண்ணீர் பட்டால் எரியும், மூன்றாம் நாள் எந்தக் கையில் விழுந்தது என்றே மறந்துபோகும். நூறு, நடுவாந்தரம். நூற்றிருபது அப்படியில்லை, சீலாவுக்கு நிற்கும், பாறை மீனுக்கு நிற்கும், பதினைந்து கிலோ மீன் தலைகீழாகப் பாய்ந்தாலும் நிற்கும். அன்றைக்கும் நின்றது. சேசடிமை கையை நீட்டி ஒரு சுருளின் நுனியைப் பிடித்துப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டினான். நூற்றிருபது. லேபிளைப் பார்க்க வேண்டியதில்லை, இந்த இரண்டு விரலும் சொல்லிவிடும். இதே விரல்கள் கஸ்பாருக்கும் இருந்தன. அவன் இருட்டில்கூட நம்பர் சொல்லுவான், நூறையும் நூற்றுப்பத்தையும் பிரித்துச் சொல்லுவான், அத்தான் உங்க கை மரத்துப்போச்சு என்று கேலி பண்ணுவான். வலது கை இழுத்து இழுத்துக் காய்த்துப்போனது, நம்பர் பார்க்கிற விவரமெல்லாம் இடது கைக்குத்தான். வலது கையால் மீனை இழுப்பான், இடது கையால் பேசுவான் என்று வள்ளத்தில் சொல்லிச் சிரிப்பார்கள். அந்த இடது கையில் இப்போது ஆள்காட்டி விரலும் இல்லை, நடுவிரலும் இல்லை. சேசடிமை நுனியை விட்டுவிட்டான். அது சுருண்டுகொண்டு தன் இடத்துக்குப் போனது.

நினைப்பு சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கிறது. ஆகஸ்டு மாதம், மாதா கோயில் கொடியேறிய மறுநாள், சோழகக் காற்று அடங்கிக் கடல் எண்ணெய் விட்ட மாதிரி கிடந்தது. அன்றைக்கு ஒவ்வொரு வள்ளத்திலும் ஒரு தூண்டிலை மாதாவுக்கென்று ஒதுக்குவார்கள். அதன் ஈயக்குண்டைக் கோயில் தீர்த்தத்தில் நனைத்துத்தான் இறக்குவார்கள். அதில் விழுகிற முதல் பெரிய மீன் மாதா மீன், செதிலுக்குச் சேதமில்லாமல் முழுசாகக் கோயில் படிக்கு வர வேண்டும். அந்தத் தூண்டிலில் அன்று கத்தி படக்கூடாது. முள் பாறையில் மாட்டினால்கூட அறுக்க மாட்டார்கள், முங்கிப்போய் எடுத்துவிட்டு வருவார்கள். இது எப்போதிருந்து என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்டதுமில்லை. கஸ்பாருக்கு அன்று மாதா தூண்டில். வள்ளத்தில் அவர்கள் இரண்டு பேர்தான். சேசடிமை வள்ளத்தின் பின்பக்கம், பின்னணியத்தில் உட்கார்ந்து இரைக்குச் சாளை நறுக்கிக்கொண்டிருந்தான். சீலா கவ்வியது. கொஞ்ச நஞ்ச மீனில்லை, வள்ளமே ஒரு பக்கம் சாய்ந்தது. கஸ்பார் சிரித்தான், அந்தச் சிரிப்பு நன்றாக ஞாபகம் இருக்கிறது, மாதா பெரிசாத்தான் கேக்கா என்றான். பிறகு கை வழுக்கியது. வழுக்கியதும் எல்லோரும் செய்கிற, யாரும் செய்யக்கூடாத அந்தக் காரியத்தைச் செய்தான், தங்கூசியை விரலில் ஒரு சுற்று. ஒரே ஒரு சுற்று. மீன் அடியில் பாய்ந்தது. “அத்தான்” என்றான். வேறொன்றும் சொல்லவில்லை, அத்தான் என்றுதான்.

கத்தி கையில் இருந்தது. அதைத்தான் எட்டு மாதமாக யாரிடமும் சொல்ல முடியவில்லை. இடுப்பில் இல்லை, பலகைக்கு அடியில் இல்லை, கையில் இருந்தது, சாளைச் செதில் ஒட்டிக்கொண்டு. எழுந்து ஒரு எட்டு வைத்து ஒரு இழுப்பு இழுத்திருந்தால் முடிந்தது. எழுந்தான், எட்டும் வைத்தான், கத்தியைத் தங்கூசிக்குப் பக்கத்தில் கொண்டுபோயும் விட்டான். அப்புறம் கை நின்றது. மாதா தூண்டில். கத்தி படக்கூடாது. வாய் தன்பாட்டுக்கு அருள் நிறைந்த மரியே சொல்ல ஆரம்பித்தது, சொல்லி முடிப்பதற்குள் மாதாவே விட்டுவிடச் சொல்லிவிடுவாள் என்று நினைத்தானா, இல்லை மீன் களைத்துவிடும் என்று நினைத்தானா, இல்லை, உண்மையைச் சொன்னால், அவ்வளவு பெரிய சீலா போய்விடுமே என்று நினைத்தானா? மூன்றும் இருந்திருக்கும். எது எவ்வளவு என்று அவனால் பிரிக்க முடியவில்லை. ராத்திரியும் பகலும் பிரித்துப் பார்த்தாயிற்று. பாதி ஜெபத்தில் முடிந்துபோனது. பாதி அருள் நிறைந்த மரியேக்கு எவ்வளவு நேரம் என்று பிறகு கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறான், குளிக்கும்போது, சைக்கிளில் போகும்போது, பூசையில் மற்றவர்கள் முழங்காலில் நிற்கும்போது. வேகமாகச் சொன்னால் நாலு வினாடி, நிதானமாகச் சொன்னால் ஆறு. அன்றைக்கு வேகமாகச் சொன்னானா நிதானமாகச் சொன்னானா? தங்கூசி அறவில்லை. விரல்கள்தான் போயின. இன்னொன்றும் இருக்கிறது. துண்டை அவிழ்த்துக் கஸ்பாரின் கையைச் சுற்றிக் கட்டின அதே கை, கட்டி முடித்ததும், வள்ளத்து விளிம்பில் ஓடிக்கொண்டிருந்த தங்கூசியைப் பிடித்து மீனை இழுக்க ஆரம்பித்தது. யாரும் சொல்லவில்லை, கை தானாகவே இழுத்தது. மீன் முழுசாக வந்து சேர்ந்தது.

கரையில் யாரும் கத்தியைப் பற்றிக் கேட்கவில்லை. அதுதான் வேடிக்கை. அமலோற்பவம் ஓடிவந்து தம்பியைத்தான் பார்த்தாள், புருசன் பக்கம் திரும்பவே இல்லை. கேட்காத கேள்விக்கு இவனே பதில் சொன்னான், “கத்தி கைக்கு அகப்படல அமலோ.” சொன்னதும் அது உண்மை ஆகிவிட்டது. ஊர் முழுக்க அதையே சொன்னது, பாவம், கத்தி அகப்படல. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த கஸ்பாரின் காதுக்கும் அதுதான் போனது. மாதா மீனைக் கோயில் படியில் வைத்துப் பாட்டுப் பாடி மறுநாள் கோயில் அசன விருந்தில் போட்டார்கள். நடுத்துண்டு ஒன்றை அமலோற்பவம் இவன் இலையில் வைத்தாள், மாதா மீன், வேண்டாம்னு தள்ளக்கூடாது என்றாள். தின்றான். நல்ல ருசியாக இருந்தது, அதுதான் கொடுமை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் பொய் சொன்னேன் சாமி என்றான். எத்தனை தடவை என்றார் அவர். ஒன்று என்று சொன்னான், பிறகு கணக்கு இல்லை சாமி என்றான். அவர் அதை வழக்கமான பொய் என்று எடுத்துக்கொண்டு மூன்று ஜெபம் சொல்லச் சொன்னார், மூன்றும் அருள் நிறைந்த மரியே. சேசடிமை கோயில் தூணில் சாய்ந்துகொண்டு மூன்றையும் பாதி பாதியாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தான்.

டொக். பாய் கடைசிக் குண்டையும் போட்டு மூடிவிட்டார். வெளியே கஸ்பார் குனிந்து வாயால் முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தான், தலையைப் பக்கவாட்டில் வெட்டி இழுத்தான். முன்பெல்லாம் அவன் முடிச்சுப் போடுவதைப் பார்ப்பதற்கே ஒரு அழகு, ஆள்காட்டி விரல் மேல் சுற்றி நடுவிரல் உள்ளே விட்டு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே முடிந்திருக்கும். நாளைக்கு இந்தக் கையோடு போகிறான். அந்தக் கையில் பிடிப்பு இருக்காது. பிடிப்பு இல்லாவிட்டால் வழுக்கும், வழுக்கினால் கை என்ன செய்யும் என்று சேசடிமைக்குத் தெரியும், மிச்சம் இருக்கிற இரண்டு விரலில் ஒரு சுற்று. நூற்றிருபது நிற்கும். எண்பது என்றால் அறும். எண்பது என்றால் விரல் தப்பிக்கும். தொட்டுப் பார்த்து நம்பர் சொல்ல அவனிடம் அந்த விரல்கள் இல்லை. இப்படி ஒரு நினைப்பு எங்கிருந்து வந்தது என்று சேசடிமைக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் வந்துவிட்டது. ஒரு ஆளின் குறையை வைத்தே அவனை ஏமாற்றுவது. சரி, ஏமாற்றினால் என்ன, விரலுக்காகத்தானே?

“என்ன அண்ணாச்சி, சீலாவுக்கா வெளமீனுக்கா?” என்றார் பாய், முட்டை மாதிரி வழுவழுவென்ற தன் தலையைத் தடவிக்கொண்டு.

“கஸ்பாருக்கு” என்றான் சேசடிமை.

பாயின் கை நின்றது. “நாளைக்கா போறான்? நல்லது. அப்ப நூத்திருபதுதான் கேட்டிருப்பான்.”

“எண்பதுல நாப்பது பாகம் போடுங்க. சுருளா வேண்டாம், கட்டையில சுத்திக் குடுங்க.”

“கட்டையில சுத்துனா லேபிள் போயிருமே. என்ன நம்பருன்னு தெரியாதே.”

“தெரிய வேண்டாம் பாய்.”

பாய் அவனை ஒரு தடவை பார்த்தார். பிறகு வாசலுக்கு வெளியே, ஏலக்கூடத்தைப் பார்த்தார். எண்பது நம்பர்ச் சுருளை இறக்கி, இரண்டு கையையும் விரித்து ஒரு பாகம் இழுத்து, “லாபம்” என்றார். வியாபாரிகளுக்கு ஒன்று என்பது வாயில் வராது. ரெண்டு, மூணு, நாலு. ஒவ்வொரு பாகமும் மார்புக்கு நேரே விரிந்து மரக்கட்டையில் போய்ச் சுற்றிக்கொண்டது. சேசடிமை அதையே பார்த்தான். மனசு லேசாகிவிடும் என்று நினைத்திருந்தான். ஆகவில்லை. நாளைக்கு என்ன நடக்கும்? முதல் நல்ல மீன் விழும், கஸ்பார் இழுப்பான், பட்டென்று போகும். சரி. இரண்டாவது விழும், அதுவும் போகும். அப்போது அவன் தங்கூசியைச் சந்தேகப்பட மாட்டான், அத்தான் வாங்கின தங்கூசியை எதற்குச் சந்தேகப்பட வேண்டும்? தன் கையைத்தான் பார்ப்பான். போச்சு, கைக்கு விவரம் போச்சு, மீனுக்கு எப்ப விடணும் எப்ப இழுக்கணும்னு தெரியல என்று நினைப்பான். வாய்விட்டுச் சொல்ல மாட்டான். எட்டு மாதமாகக் கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு திரிந்தவன் நேற்றுத்தான் துண்டை எடுத்தான். நாளை மத்தியானம் அதைத் திரும்பவும் சுற்றிக்கொள்வான், அதற்கப்புறம் அவிழ்க்க மாட்டான். பதினேழு, பதினெட்டு. அறுக்க வேண்டிய நாளில் அறுக்காமல் நின்றாயிற்று, இப்போது கஸ்பாரின் பிழைப்பை அறுக்கப் போகிறோமா? நிறுத்தச் சொல்லலாம். வாயைத் திறந்தால் போதும், பாய், வேண்டாம், நூற்றிருபதே போடுங்க. ஆனால் அந்த விரல்கள். இருபத்தி ரெண்டு. கை நின்ற மாதிரியே இப்போது வாயும் நின்றது. அதே நிற்பு. அது தெரிந்ததும் சேசடிமைக்குக் கழுத்தடியில் வியர்த்தது, மின்விசிறிக்கு நேர் கீழேதான் நின்றுகொண்டிருந்தான்.

“என்ன அத்தான், கடையவே வெலைக்கு வாங்கப் போறீங்களா?” கஸ்பார் வாசற்படியில் நின்றான், தோளில் முள் டப்பா. “ஒரு தங்கூசி வாங்க இம்புட்டு நேரமா? அக்காவுக்குச் சேலை எடுக்கையில கூட இப்பிடி நின்னதில்ல நீங்க.”

பாய் முப்பத்தி ஒன்று என்று சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. கஸ்பார் உள்ளே வந்து கட்டையிலிருந்து தொங்கிய நுனியை எடுத்தான். பழக்கத்தில் இடது கையைத்தான் நீட்டினான், பெருவிரல் தனியாக நின்று எதிரே ஆளில்லாமல் தடுமாறியது. அவன் அதைப் பொருட்படுத்தவில்லை. நுனியை உதட்டில் வைத்தான். மேலுதட்டுக்கும் கீழுதட்டுக்கும் நடுவில் ஒரு சாண் தங்கூசியை மெல்ல இழுத்தான், பிறகு நாக்கால் ஒரு தடவை, பிறகு பல்லால் லேசாக. சேசடிமை பார்த்துக்கொண்டே நின்றான். எட்டு மாதமாக வீட்டுப் பின்கட்டில் கஸ்பார் தனியாக உட்கார்ந்து பழைய தங்கூசித் துண்டுகளைக் கடித்துக்கொண்டிருந்தது எதற்கு என்று இப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. பித்துப் பிடித்துவிட்டது என்று அமலோற்பவம் அழுதிருக்கிறாள்.

“இது எண்பது” என்றான் கஸ்பார்.

“பாய் மேல தப்பில்ல” என்றான் சேசடிமை.

“அது தெரியுது. ஏன் அத்தான்?”

பதில் நிறைய இருந்தது. கை இன்னும் சரியாகல, கொஞ்ச நாளைக்கு எண்பது பிடி, அக்கா பயப்படுதா, மீன் பெருசா இல்ல இப்ப. எல்லாமே வாயில் வரிசையாக வந்து நின்றன, எதைச் சொன்னாலும் ஊர் நம்பும், கஸ்பாரும் நம்புவான். கத்தி கைக்கு அகப்படல என்று சொன்னபோதும் இப்படித்தான் வார்த்தை சுலபமாக வந்தது. சுலபமாக வந்தது என்பதாலேயே இப்போது அதைச் சொல்லப் பயமாக இருந்தது. சேசடிமை வாசலைப் பார்த்தான், ஏலக்கூடத்துத் தரை காய்ந்துவிட்டிருந்தது, ஒரு காக்கை எதையோ கொத்திக்கொண்டிருந்தது.

“அன்னைக்குக் கத்தி என் கையில இருந்துச்சு மாப்ள.”

பாய் கட்டையை மேசைமேல் வைத்துவிட்டு உள்ளறைக்குப் போனார். அவர் நல்ல மனுசன்.

“மாதா தூண்டிலுன்னு கை நின்னுட்டு” என்றான் சேசடிமை. “மீனு போயிருமேன்னும் இருந்துச்சு. ரெண்டுந்தான்.”

கஸ்பார் உதட்டிலிருந்து தங்கூசியை எடுத்தான். கோபப்படுகிறானா என்று பார்த்தால் முகத்தில் அது இல்லை, என்ன இருக்கிறது என்றும் தெரியவில்லை. “எவ்வளவு நேரம்?” என்றான்.

“பாதி அருள் நிறைந்த மரியே.”

“எனக்கு ஜெபமாலை முழுக்கச் சொல்லி முடிச்ச மாதிரி இருந்துச்சு” என்றான் கஸ்பார். பிறகு உள்ளறைப் பக்கம் திரும்பி, சாதாரணக் குரலில், “பாய், நூத்திருபதுல நாப்பது பாகம் எடுங்க” என்றான்.

புதுத் தங்கூசியைச் சும்மா கொண்டுபோய்க் கடலில் இறக்க முடியாது. சுருளில் கிடந்த வளைவு அதில் அப்படியே இருக்கும், இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்து அந்த வளைவை எடுக்க வேண்டும். கடைக்குப் பின்னால் அதற்கென்று மணல் இடமும் ஒரு பூவரச மரமும் உண்டு. ஒரு முனையைக் கட்டைக் குச்சியில் சுற்றிப் பிடிப்பார்கள், இல்லாவிட்டால் மரத்தில் கட்டுவார்கள், கையில் யாரும் சுற்ற மாட்டார்கள். கஸ்பார் மரத்துக்குப் போகவில்லை. சேசடிமையிடம் நூற்றிருபது சுற்றிய கட்டையைக் கொடுத்துவிட்டு நுனியோடு நாலு பாகம் தள்ளிப்போய் நின்றான். நின்று, தங்கூசியை இடது கையின் மிச்சமிருந்த இரண்டு விரலில் ஒரு சுற்றுச் சுற்றினான்.

“ஏல, என்ன செய்த?”

“கத்தி வச்சிருக்கீங்களா?”

“இடுப்புல இருக்கு.”

“கையில எடுத்துக்கிடுங்க” என்றான் கஸ்பார். “எடுத்துட்டு இழுங்க.”

சேசடிமை வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தான். ஆனால் கஸ்பார் சும்மா நின்றுகொண்டு அவனையே பார்த்தான், அந்தப் பார்வைக்கு முன்னால் வேண்டாம் என்பதும் இன்னொரு நிற்பாகத் தெரிந்தது. கத்தியை வலது கையில் எடுத்தான். கட்டையை இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இடது கையால் தங்கூசியைப் பிடித்து இழுத்தான். வளைவுகள் ஒவ்வொன்றாகப் போய் அது நேரானது, வெயிலில் ஒரு கோடு மட்டும் மின்னியது. “இன்னும்” என்றான் கஸ்பார். இழுத்தான். தங்கூசி மெல்ல முனக ஆரம்பித்தது, அந்த ஒலி அவனுக்கு நன்றாகத் தெரியும், எட்டு மாதமாகக் காதுக்குள் இருக்கிற ஒலி. கஸ்பார் குதிகாலை மணலில் ஊன்றி உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்தான். அந்த இரண்டு விரலும் முதலில் சிவந்தன. பிறகு வெளுத்தன.

கத்தி எப்போது போனது என்று சேசடிமைக்குத் தெரியவில்லை. அருள் என்ற முதல் சொல்லுக்குக்கூட நேரம் இருக்கவில்லை. டப்பென்று ஒரு சத்தம், கஸ்பார் மணலில் மல்லாந்து விழுந்தான். சேசடிமை அறுந்த முனையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான், கண்ணில் நீர் கோர்த்துக்கொண்டு பூவரச மரம் மங்கலாகத் தெரிந்தது. கஸ்பார் எழுந்து உட்கார்ந்தான். விரலில் இருந்த சுற்றைப் பிரித்தான், இரண்டையும் மடக்கி நீட்டிப் பார்த்தான், சட்டையில் ஒட்டிய மணலைத் தட்டினான். பிறகு கடையைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

“பாய், அத்தான் அறுத்துட்டாரு. முடிச்சுப் போட்டது நாளைக்கு ஆகாது. அதே நம்பர்ல வேற ஒன்னு சுத்துங்க.”